கேப் மாட்டாத பல்

"...வலிதான் சுத்தமா நின்னு போச்சேக்கா, அப்பறம் எதுக்கு இன்னொருக்கா அந்த நாற்காலில வாயப் பொளந்துட்டு உக்காரோணும்?" என்றான் என் தம்பி. திருச்செங்கோட்டில், கிளம்பத் தயாராக நின்ற போர்வெல் லாரிக்கு அப்போதுதான் பூசை முடிந்திருந்தது. அதில் அவன்தான் டிரில்லர். வண்டி மத்தியப் பிரதேசம் போனால் திரும்ப மாதக்கணக்காகும். அவன் பல்லுக்கு மேல் மாட்ட வேண்டிய கேப்போ மறுநாள்தான் வருவதாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் பார்க்கிறார்களே என்று விட்டேன்.

பின்னே என்னங்க? பல்லின் வேரில் சீழ் பிடித்து, கன்னம் பன்னு மாதிரி வீங்கி, "இந்தத் தலையவே கழட்டி வெச்சுரக்கா" என்று சுவரில் முட்டிக்கொண்டவன் இவன்தான். வேர் சிகிச்சைக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவள் நான். டாக்டரம்மா மெல்லிய ஊசிகளை விட்டு விட்டு வேரைச் சுத்தம் செய்து அடைத்தார். கடைசியில் தெளிவாகத்தான் சொன்னார்: "நரம்ப எடுத்தாச்சுங்க, இனி வலிக்காது. ஆனா உள்ள குடைஞ்சிருக்கறதால பல்லு வெறும் ஓடாட்டம் நிக்குது. கேப் போடற வரைக்கும் அந்தப் பக்கம் கெட்டியா எதையும் கடிச்சுராதீங்க. பொளந்துதுன்னா புடுங்கறதுதான்."

லாரியின் முன்கண்ணாடி ஓரம் ஆடுமே ஒரு பொம்மை, அதைப் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

எங்கள் பக்கத்துப் பேச்சென்றால் எனக்கு உயிர். ஆனால் "மருந்து கேட்டுருச்சு" என்று சொல்வார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் மட்டும் பற்றிக்கொண்டு வரும். வலி நின்றால் போதும், அதைச் சொல்லிக்கொண்டே பாதி வைத்தியத்தில் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

"ஏன்டா, கேசிங் பைப்பு வேண்டாமுன்னு ஒரு தோட்டத்துக்காரர் சொன்னா நீ உட்டுருவியா?"

"அதெப்புடி உடறது? மண்ணு சரிஞ்சு போரே மூடிக்குமே!"

"அந்த அறிவு உன்ற வாய்க்குள்ள இருக்கற ஓட்டைக்கு இல்லியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு இன்னும் எரிந்தது. இருந்தாலும் குரலைத் தணித்துக்கொண்டேன். "நாளைக்குக் கேப்ப மாட்டிட்டு ரயிலேறு சாமி. இந்த வண்டி உருண்டு போயிச் சேர்றதுக்குள்ள நீ போயிரலாம்."

"பூச போட்டுக் கெளம்பற வண்டில டிரில்லர் ஏறலீன்னா ஆகாதுக்கா. அப்பறம் எந்த போரு பெயிலானாலும் எம்பல்லாலதான்னு முதலாளி சொல்லிக் காட்டுவாரு."

"டிரில்லரே, நல்ல நேரம் முடியப்போவுது, ஏறுங்க!" மேனேஜர் மேலிருந்து ஆரன் அடித்தார்.

"நீயே பாத்துக்கக்கா, வலி இருக்குதா இல்லியான்னு." பூசைத்தட்டிலிருந்து ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்தான். வேண்டுமென்றே அந்தப் பக்கமாகத் தள்ளிக் கடித்தான்.

கடித்த வாய் அப்படியே நின்றது. மெதுவாக உள்ளங்கையில் துப்பினான். தேங்காய்க்கு நடுவே பாதிப் பல். துளிகூட வலிக்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வலித்துத் தொலைத்திருந்தால் என்னோடு வந்திருப்பான். என்னை ஒரு பார்வை பார்த்தான். கையை உதறிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாரேன்க்கா" என்று லாரியில் ஏறினான்.