மருமகனுக்கு முன் ஊஞ்சலாடிய அரிசி

சென்ற ஆண்டு, சிடாம் கிரியில் அக்காள் வீட்டுச் சமையலறையில்தான் அந்த எண்ணம் முதலில் தோன்றியது. குழந்தை பிறந்து மூன்று வாரம். அக்காள் வலது கையால் சோறு பிசைந்தபடி இடது கையால் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கை நின்றால் மருமகன் வீறிடுவான். அறுவைச் சிகிச்சைத் தையல் இன்னும் வலிக்கிறது என்பதை முகமே சொன்னது. இந்தக் கையின் வேலையை ஒரு மோட்டார் செய்யாதா என்ன?

முப்பதாம் நாள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் நான்தான் கொடுக்க வேண்டும். தங்கம் வேண்டாம், மோட்டார் ஊஞ்சல் நாற்காலிதான் என்று அங்கேயே முடிவெடுத்தேன். கூலிமில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மின்சாதனம் வாங்க எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? இரண்டு நாள் விடாமல் வீடியோக்கள் பார்த்தேன். பன்னிரண்டு பாட்டும் புளூடூத்தும் உள்ள ஒன்றைப் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தையும் போட்டுவிட்டேன். பாராட்டு குவிந்தது.

ஆனால் தொழிற்சாலைப் பழக்கம் விடவில்லை. எந்தப் பொருளையும் ஓட்டிப் பார்க்காமல் நாங்கள் வெளியே அனுப்ப மாட்டோம். மருமகன் நான்கு கிலோ. அதே எடைக்கு அரிசியைத் துணிப்பையில் கட்டி அவன் சட்டையை மாட்டினேன். காலுறையில் கொஞ்சம் அரிசி நிரப்பித் தலையாக்கி, தளர்வாகத் தைத்தேன். பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காதே!

சுங்கை பட்டாணியில் இருந்த கடைக்கு அக்காளின் கணவர், என் மாமா, உடன் வந்தார். முப்பது நாள் பத்தியத்தில் வெளியே வர முடியாத அக்காள், அவர் கையிலிருந்த போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து அரிசிப் பொம்மையை எடுத்ததுமே கடை விற்பனையாளர் அக்கா இடுப்பில் கை வைத்துவிட்டார்.

“அலாமா! தம்பி, இது கடைலா, அரிசி மில் இல்ல.”

“பாட்டு போடு மச்சான்,” என்றார் மாமா. “அரிசிக்கும் தூக்கம் வரட்டும்.”

பொம்மையை நாற்காலியில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டேன். ஊஞ்சல் அழகாக ஆடியது. பத்து நிமிடத்தில் உடல் மெல்லச் சரிந்தது. தலை முன்னால் தொங்கி மார்பில் கவிழ்ந்தது. நாங்கள் மூவரும் சிரித்தோம். போனில் அக்காள் சிரிக்கவில்லை.

“தம்பி, அப்படிக் கவுந்தா புள்ள எப்படிடா மூச்சு விடுவான்?”

எனக்குச் சுருக்கென்றது. கையேட்டைப் புரட்டினேன். பாட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்தவன், எச்சரிக்கைப் பக்கத்தைத் தொடவே இல்லை. கழுத்து நிற்காத குழந்தையை நன்றாகச் சாய்த்தே வைக்க வேண்டும், தூங்கிவிட்டால் எடுத்துத் தட்டையான மெத்தையில் கிடத்த வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அந்த நாற்காலியோ முழுவதும் சாய்த்த பிறகும் நிமிர்ந்தே நின்றது.

அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: “நான் காட்டியது சரியில்லை. வாங்கவில்லை.” என்னைப் போன்ற வாய்க்காரனுக்கு அது லேசான காரியமில்லை.

அதற்குள் கடை அக்காவுக்கே ஆர்வம் வந்துவிட்டது. “அந்த ஊதாவுலயும் ஏத்திப் பாரு தம்பி,” என்று ஒவ்வொன்றாக இழுத்து வந்தார். நான்காவதில் பாட்டு இல்லை, விளக்கு இல்லை. ஆனால் நன்றாகச் சாய்ந்தது, தோளுக்கும் பட்டை இருந்தது. அரை மணி நேரம் மெதுவாக ஆட்டினோம். தலை வைத்த இடத்திலேயே இருந்தது. அதையே வாங்கினேன்.

சடங்கன்று பெரியம்மா விடவில்லை. “பாட்டு எங்கடா? பேசுனது என்ன, வாங்குனது என்ன?”

நான் வாய் திறக்குமுன் அக்காள் முந்திக்கொண்டார். “நாலு ஊஞ்சல ஓட்டிப் பாத்து வாங்கிருக்கான் பெரியம்மா. எந்தத் தாய்மாமன் இப்படிச் செஞ்சான், சொல்லுங்க?”

நெஞ்சு நிமிர்ந்ததில் சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் மிச்சம். மருமகன் விழித்திருக்கும்போது மட்டும், யாராவது பக்கத்தில் இருக்க, அதில் ஆடினான். கண் சொருகியதும் மெத்தைக்கு மாற்றினோம்.

இப்போது, குழந்தையின் தலை கவிழ்ந்தால் மோட்டாரை நிறுத்தி மணியடிக்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். உடன் வேலை செய்யும் தோழிக்கு அடுத்த மாதம் பிரசவம். அதற்குள் முடித்துவிட முயல்வேன். அது ஒழுங்காக இயங்காவிட்டால் அதையும் நானே முதலில் சொல்லிவிடுவேன். என் தவறை நானே அறிவித்த அந்த நாளைப் போல வேறெந்த நாளும் எனக்கு இத்தனை பெருமை தந்ததில்லை.