நிமிடத்துக்கு எண்பது மீட்டர்

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், தகேமினே நகராட்சியின் சுற்றுலாத் துறைக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே பனிவரகு மாவு உருண்டைகள், இருபத்து நான்கு. மேலே ஒரு கடிதம். அந்தத் துறைக்கு வழக்கமாக வருபவை புகார்கள்தான்: கோட்டைக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லை, வாடகை சைக்கிளின் இருக்கை நனைந்திருந்தது என்பது போல. இனிப்போடு ஒரு கடிதம் வந்தது அதுவே முதல் தடவை.

எழுதியவர் இவாகுரா. ஒகாயாமாக்காரர், எழுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். மே மாதம் ஒரு சனி, ஞாயிறு மனைவி தோமியேயோடு எங்கள் ஊருக்கு வந்துபோயிருந்தார். துறை வெளியிட்ட 'நிதானமாக இரண்டு நாள்' என்ற தாளை வைத்துக்கொண்டே இரண்டு நாளும் சுற்றினார்களாம். துறைத் தலைவர் செனோ காலைக் கூட்டத்தில் கடிதத்தை உரக்கப் படித்தார். உள்ளூர் நாளிதழில் நகராட்சிச் செய்திகள் என் பொறுப்பு என்பதால் நானும் சுவரோரம் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

'தாளில் கண்ட நேரப்படி நடக்க எவ்வளவோ முயன்றோம். என் மனைவியின் நடை மிகவும் மெதுவானது. கோட்டை வாசலிலிருந்து மலைமேல் கன்னோன் கோயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று தாங்கள் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தும், அவளுக்கு நாற்பத்தொரு நிமிடம் ஆனது. அதனால் மதியச் சாப்பாட்டுக் கடை, தேநீர் வீடு, விடுதி என எல்லா இடங்களுக்கும் தாமதமாகப் போய் எல்லோருக்கும் தொந்தரவு கொடுத்தோம். அவர்களிடம் எங்கள் சார்பில் மன்னிப்புத் தெரிவிக்க வேண்டுகிறேன். அக்டோபரில் மறுபடி வருகிறோம். அதுவரை என் மனைவி தினமும் காலையில் ஆற்றங்கரையில் பயிற்சி செய்கிறாள். இப்போது ஒரு கிலோமீட்டருக்குப் பதினெட்டு நிமிடம். அக்டோபருக்குள் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம்.'

செனோ கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தீங்களா? நம்ம தாளுக்காக ஒரு அம்மா பயிற்சியே எடுக்கறாங்க. குசுமோதோ, இது உன் தாள்தானேப்பா? முதல் உருண்டை உனக்குத்தான்."

குசுமோதோ தெய்ஜி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மென்றுகொண்டே இருந்தார். விழுங்க வெகுநேரம் ஆயிற்று. தன்னடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் எங்கள் நாளிதழில் நான்கு பத்தியாக அந்தச் செய்தி வந்தது. கடிதத்தைச் செனோ வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தார்.

குசுமோதோவுக்கு நாற்பத்தொன்பது வயது. பள்ளி முடித்த கையோடு நகராட்சியில் சேர்ந்தவர். பதினோரு வருடம் சொத்துவரிப் பிரிவில், ஜன்னல் இல்லாத இரண்டாம் மாடி அறையில், நில வரைபடங்களோடு இருந்தார். அளவுகோலும் சீவிய பென்சிலும் கொடுத்தால் போதும், ஊரில் எந்த வீட்டு வேலி எந்த வீட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் புகுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். யாரோடும் சண்டை கிடையாது, யாரும் அவரைப் பார்க்க வருவதும் கிடையாது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல் இடமாற்றத்தில் அவர் பெயர் சுற்றுலாத் துறைக்கு வந்தபோது மனைவி கேலி செய்தாராம்: "உங்களை நம்பி ஊரைச் சுத்திப் பாக்க வர்றாங்களா? நீங்களே பாத்ததில்லையே!"

அந்தக் கேலியில் உண்மை இருந்தது. பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் கோயில் மலைக்குக் கடைசியாக அவர் ஏறியது ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில்.

நிதியாண்டு முடியப் பத்தே நாள் இருந்தபோது இரண்டு நாள் பயணத் தாள் ஒன்று வேண்டும் என்றார்கள். குசுமோதோ உற்சாகமாக உட்கார்ந்தார். வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்தார். வீட்டு விளம்பரங்களில் 'ரயில் நிலையத்திலிருந்து இத்தனை நிமிட நடை' என்று போட எங்கள் நாட்டில் ஒரு கணக்கு உண்டு: எண்பது மீட்டருக்கு ஒரு நிமிடம். சொத்துவரிப் பிரிவில் அவருக்கு அது கைப்பழக்கம். கோட்டை வாசல் முதல் கன்னோன் கோயில் வரை தொள்ளாயிரத்து அறுபது மீட்டர். வகுத்தார், பன்னிரண்டு வந்தது. அந்தத் தூரத்தில் முந்நூற்று நாற்பது கற்படிகள் இருப்பது வரைபடத்தில் மெல்லிய கோடுகளாகத்தான் தெரியும்.

இப்படி ஒரு பயணம் வகுத்தால், வகுத்தவர் முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்தாக வேண்டும். பள்ளி ஆசிரியர் முதல் தெருச் சங்கச் செயலாளர் வரை இங்கே யாரும் அதைத் தவிர்ப்பதில்லை. குசுமோதோவும் ஒரு சனிக்கிழமையைக் குறித்துவைத்தார். அன்று மழை. அடுத்த சனிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் 'நேரில் நடந்து பார்க்கப்பட்டது' என்று ஒரு கட்டம். அவர் அதில் தன் முத்திரையைக் குத்தினார். வெயில் வந்ததும் நடந்துவிடலாம் என்றுதான் குத்தினார். மூன்று வருடம் ஓடிவிட்டது.

உருண்டை தின்ற அந்த வாரமே, சனிக்கிழமை, மழை விட்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கோட்டை வாசலிலிருந்து கிளம்பினார். நூறாவது படியில் மேல்சட்டையைக் கழற்றினார். இருநூறாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்கும் உட்காரவில்லை, திரும்பி ஊரைப் பார்க்கவும் இல்லை. கோயில் மணிக்கூண்டுக்கு வந்தபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ஹிசாயோவின் டோஃபு சாப்பாட்டுக் கடை. தாளில் 'பகல் 12.30' என்று அவர் போட்டிருந்த இடம். வியர்த்து நின்றவரைப் பார்த்ததும் ஹிசாயோ துண்டை நீட்டினார்.

"அட, நகராட்சி சார்! நீங்களும் நம்ம மாரத்தான்ல சேந்துட்டீங்களா?"

"எந்த மாரத்தான்?"

"உங்க தாளோட வர்றவங்களுக்கு இங்க அதாங்க பேரு. தூரத்துலயே தெரிஞ்சிடும். ஒரு கையில தாளு, இன்னொரு கையில கடிகாரம். உள்ள நுழையும்போதே 'மன்னிக்கணும், மன்னிக்கணும்'னு குனிஞ்சுகிட்டே வருவாங்க. பன்னண்டரைக்குப் பதிவு பண்ணா நான் ஒரு மணிக்குத்தான் பானையை அடுப்புல வைப்பேன். இல்லன்னா டோஃபு கரைஞ்சு போயிடும்."

"எப்பலேருந்து?"

"தாளு வந்த அந்த வசந்தத்துலேருந்து. கீழ தேநீர் வீட்டுலயும் அப்படித்தான், முக்கால் மணி தள்ளி வச்சுக்குவாங்க."

குசுமோதோவுக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்: "ஏங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க நடந்து பாத்து எழுதினது. நாங்கதான் படியில ஆடி அசைஞ்சு ஏறறோமோன்னு நெனச்சோம்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் விஷயம் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சப்புறம் சொன்னா உங்க முகம் என்னத்துக்கு ஆகும்?"

ஒகாயாமாத் தம்பதியைப் பற்றிக் குசுமோதோ கேட்டார். ஹிசாயோவுக்கு நினைவிருந்தது. "அந்தம்மா மூணு தடவை குனிஞ்சாங்க. மூச்சு வாங்குது, பேச முடியல. கூட வந்தவரு, 'இவ எப்பவும் இப்படித்தான், நீங்க மன்னிக்கணும்'னாரு. பாதிதான் சாப்பிட்டாங்க. ஜன்னல் பக்கம் உக்கார வச்சேன், வெளிய பாக்கவேயில்ல. அடுத்த எடத்துக்கு எத்தனை நிமிஷம்னு தாளையே பாத்துகிட்டிருந்தாங்க."

மலையிலிருந்து இறங்கி நேரே அலுவலகத்துக்குப் போனார். விடுமுறை நாள், யாரும் இல்லை. உருண்டைப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் சீட்டில் தொலைபேசி எண் இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு எண்களை அழுத்தினார். எடுத்தது தோமியே.

"ஐயையோ, நகராட்சியா? உருண்டை எதுவும் கெட்டுப்போயிருந்ததா?"

"இல்லைங்கம்மா, ரொம்ப நல்லாருந்துச்சு. நான் கூப்பிட்டது..."

"இன்னிக்குப் பதினாறு நிமிஷத்துக்கு வந்துட்டேங்க! முட்டியில ஐஸ் கட்டி வச்சுகிட்டுதான் உக்காந்திருக்கேன். போன தடவை உங்க ஊர்ல எல்லாருக்கும் தொந்தரவு. இவருக்கு மானமே போச்சுன்னு இன்னும் சொல்லிகிட்டே இருக்காரு."

"அம்மா, பயிற்சியை நிறுத்திடுங்க. அந்தப் பன்னண்டு நிமிஷம் தப்பு. நான் நடக்கவே இல்ல. வரைபடத்துல அளவுகோலை வச்சு எழுதினேன். இன்னிக்குத்தான் ஏறிப் பாத்தேன்."

மறுபுறம் எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"நீங்க எத்தனை நிமிஷத்துல ஏறினீங்க?"

"இருபத்தாறு."

"வயசு?"

"நாப்பத்தொன்பது."

"முட்டி எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

"ம்." தோமியே வாயைத் தொலைபேசியிலிருந்து திருப்பிக்கொண்டார், ஆனாலும் தெளிவாகக் கேட்டது. "ஏங்க, குழாயை மூடிட்டு இங்க வாங்க. இந்தாங்க, நீங்களே கேளுங்க."

குசுமோதோ எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. இவாகுரா குறுக்கே பேசாமல் கேட்டார். முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவர். ஒரு நிமிடத் தாமதத்துக்கும் அறிக்கை எழுதிக் கொடுத்துப் பழகியவர். அச்சடித்த நேரம் தவறாக இருக்கும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியிருக்காது.

"அப்ப அவ சரியாத்தான் ஏறியிருக்கா," என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"படியில நின்னு நின்னு திட்டினேன். விடுதியிலயும் பேசாம இருந்தேன்." குரல் தணிந்தது. "சார், நான் எழுதின கடிதம்... அதைத் திருப்பி அனுப்ப முடியுங்களா?"

குசுமோதோ தலையைத் தூக்கினார். கடிதம் எதிர்ச் சுவரில் இருந்தது. காலைக் கூட்டத்தில் படித்ததையும் பத்திரிகையில் வந்ததையும் சொன்னார். பெரியவர் "ஓ" என்றார். காலியான அந்த அலுவலகத்தில் குசுமோதோ எழுந்து நின்று தொலைபேசியை நோக்கிக் குனிந்திருந்தார்; மறுமுனையிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பின்னாலிருந்து தோமியேயின் குரல் வந்தது. "எதுக்குத் திருப்பி வாங்கறீங்க? அங்கயே இருக்கட்டும். நீங்க இன்னொண்ணு எழுதுங்க. அதையும் அதே சுவத்துல ஒட்டச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் குசுமோதோ எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒப்புதல் படிவத்தையும் மேசையில் வைத்தார். அவருடைய முத்திரைக்குப் பக்கத்தில் ஒப்புதல் தந்தவர்களின் முத்திரைகளாக இன்னும் நான்கு சிவப்பு வட்டங்கள்; இரண்டாவது செனோவுடையது. செனோ அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் தன் தேநீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் புதுசா அச்சடிக்கலாம்னு சொல்லலாம்..." என்று ஆரம்பித்தவர், யாரும் தலை நிமிராததைக் கண்டு நிறுத்தினார். "சரி. திருத்தச் சீட்டு ஒட்டிடுவோம்."

மீதமிருந்த மூவாயிரம் தாளிலும் சின்னச் சீட்டுகளைக் கையால் ஒட்டினார்கள். எட்டுப் பேர், கூட்ட அறையில், மூன்று பகல். குசுமோதோ ஒவ்வொருவர் இருக்கைக்கும் போய், "என்னால உங்களுக்கும் தொந்தரவு," என்று குனிந்தார். "அட விடுங்க சார், நாங்களும்தான் இந்த ஊர்க்காரங்க, எங்களுக்கும் அந்தப் படி தெரியும்," என்றார் ஒரு பெண். ஆறுதலுக்குத்தான் சொன்னார். கேட்டதும் அறையில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். அந்தத் தாளைப் போன வருடம் எங்கள் இணைப்பிதழில் அப்படியே மறுபதிப்பு செய்திருந்தோம். நான் சிறு வயதிலிருந்து ஏறி இறங்கும் படி அது.

மூன்றாம் நாள் இவாகுராவின் இரண்டாவது கடிதம் வந்தது. செனோ அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார். குசுமோதோ கையை நீட்டி வாங்கி, நின்றபடி உரக்கப் படித்தார்.

'என் மனைவியின் நடை மெதுவானதல்ல. முன் கடிதத்தில் நான் எழுதியது தவறு. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்டோபர் பயணத்தைப் பொறுத்தவரை, அவள் தன் தங்கையோடு கடலோர வெந்நீர் ஊற்று ஒன்றுக்குப் போகிறாள். தகேமினேக்கு வர விருப்பமில்லை என்கிறாள். என்னையும் அழைக்கவில்லை. தங்கள் நேர்மைக்கு நன்றி.'

சீட்டு ஒட்டும் கைகள் நின்றிருந்தன. செனோ தொண்டையைச் செருமினார்.

"இதையும் ஒட்டித்தான் ஆகணுமாப்பா? வர்றவங்க எல்லாம் படிப்பாங்களே."

"அந்தம்மா சொல்லியிருக்காங்க சார்."

குசுமோதோ நான்கு ஊசிகளை எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைப் பக்கம் போனார். அங்கே சுற்றுலா வந்த ஒரு குடும்பம் நின்று, எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பதற்காகக் காத்திருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்கவே கடிதத்தைச் சுவரில் குத்தினார்.