கோகிலவாணி ஜெயித்த ஆட்டம்

என் தங்கை கோகிலவாணி செஸ் ஆடக் கற்றுக்கொண்டது நாற்பத்தொரு வயதில். அவள் புருஷன் ஜெகதீஸ்வரன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருப்பார். போனில் பேச இருவருக்கும் விஷயம் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. "சாப்டீங்களா", "ஆச்சு", அவ்வளவுதான். அவர்தான் போனில் செஸ் ஆப் ஒன்றைப் போடச் சொன்னார். நேரம் கிடைக்கும்போது ஆளுக்கொரு காய் நகர்த்தலாம். பேச்சை மிச்சம் பிடிக்க அந்த மனுஷன் கண்டுபிடித்த வழி அது.

முப்பது ஆட்டத்துக்கு மேல் தோற்றாள். முகம் சுளித்ததில்லை. அடுத்த தெருவில் இருக்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மாசியில் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். சேலத்தில் ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று.

"ஏனுங்க, அந்த வியாழக்கெழமைக்கு வந்துருங்க. பயமா இருக்குது."

"சீசன் நடுவுல எறங்குனா மொதலாளி வேற ஆளப் போட்ருவாரு புள்ள. சரி, என்னைய ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு, வாரேன்."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். இவள் நிஜமென்று எடுத்துக்கொண்டாள்.

மாவாட்டும்போதும் போனில் செஸ் வீடியோ ஓடியது. ஒரே குதிரையால் ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தாக்குவது, ராஜாவுக்கு முன்னால் நிற்கிற காயை அசையவிடாமல் கட்டிப்போடுவது, எல்லாம் என்னிடம் ஒப்பிப்பாள். பலசரக்குச் சீட்டு வாசிக்கிற குரலில்.

ரிக்காரர் புத்தி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எண்ணூறு அடியில் தண்ணீர் இல்லாமல் வெறும் புழுதி பறந்தாலும் இன்னொரு ராடு இறக்கு என்பார்கள். ஆட்டத்திலும் அவர் அப்படித்தான். யானையை நேரே எதிராளி பக்கம் இறக்கிக்கொண்டே போவார். கடைசி வரிசையில், மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் தன் ராஜா காவலில்லாமல் நிற்பது கண்ணில் படாது.

"அக்கா, அவரு திரும்பியே பாக்கறதில்லீங்க" என்றாள் ஒருநாள்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முந்தி, அவருடைய இரண்டாவது யானையும் இறங்கி இவள் சிப்பாயைத் தின்றது. கோகிலா தன் யானையை அவருடைய கடைசி வரிசையில் கொண்டுபோய் வைத்தாள். ராஜா முன்னே ஓடச் சொந்தச் சிப்பாய்களே தடை. ஆட்டம் முடிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஜெயிச்சுட்டே கண்ணு. இனி அவரு வந்துதான ஆகோணும்" என்றேன். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து அது மினுங்கியது. இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டிருந்தார். வேறு ஓர் எழுத்து இல்லை. பந்தயம் கட்டியதே அந்தாளுக்கு நினைவில்லை. நான் வைத வசவு தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"உடுங்க்கா" என்றாள் கோகிலா.

சரி என்று அழுத்தி, ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். பிறகு பீரோவைத் திறந்து இரண்டு நைட்டியை எடுத்துப் பைக்குள் மடித்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரி பாரத்துல கையெழுத்து நீங்களே போட்ருங்க்கா."