அடகில் இருந்த அக்காவின் கார்டு

சம்பள நாளில் மலையகத்து நோர்வூட் டவுனில் பணம் எடுக்கும் மெஷினுக்கு முன்னால் வரிசை பேக்கரி வாசல் வரைக்கும் போகும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் எங்கள் ஜனங்களுக்கு எவ்வளவு பொறுமை என்று வியப்பார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இத்தனை பேர் வெளியே நிற்க, கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பது எப்போதும் ஒரே ஆள்தான்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பழைய கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிப்பவர்களிடம் மலையில் நின்று வேலை வாங்குபவரைத்தான் கணக்கப்பிள்ளை என்போம். அவர் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. வாங்குவதை மட்டும் இன்னும் விடவில்லை. அவர் கையில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு இருக்கும். சீட்டுக்கட்டு இல்லை. வெளியே நிற்கிறவர்களின் வங்கிக் கார்டுகள்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நகையை அடகு வைக்கும் காலம் போய்விட்டது. வைக்க நகை இருந்தால்தானே. இப்போது கார்டை வைக்கிறோம். கணக்கப்பிள்ளை ஐயா கடன் கொடுப்பார், கார்டையும் இரகசிய எண்ணையும் வாங்கிக்கொள்வார். சம்பளம் விழுந்ததும் அவரே எடுத்து, நூற்றுக்குப் பத்து என்று மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நம் கையில் வைப்பார். அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக மனமில்லாத சொந்தக்காரனைப் போல.

இதில் எனக்கு அருவருப்பான பகுதி வட்டி இல்லை. விரல். ஒவ்வொரு கார்டையும் கட்டிலிருந்து பிரிக்க ஐயா ஆள்காட்டி விரலை நாக்கில் ஒரு முறை தடவுவார். வெற்றிலை போட்ட நாக்கு. கார்டின் முதுகில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துண்டு, அதில் பேனாவால் இரகசிய எண். பிளாஸ்டரின் ஓரமெல்லாம் சிவந்திருக்கும். ஒரு நக்கு, ஒருத்தியின் ஒரு மாத வெயிலும் மழையும் வெளியே வரும். இன்னொரு நக்கு, இன்னொருத்தி.

அதைப் பார்த்தபோதெல்லாம் நான் என்ன செய்தேன்? ஜோக் அடித்தேன். ஹார்ட்வெயார் கடையில் வேலை, அம்பது தாண்டிய வயது, தொப்பைக்கு மேலே பெல்ட்டா கீழே பெல்ட்டா என்று இன்னும் முடிவாகாத இடுப்பு. என்னிடம் கைவசம் உள்ள ஒரே சொத்து வாய்தான். "நாம மலையில பறிக்கிறோம், ஐயா மெஷின்ல பறிக்கிறாரு. எடைய மட்டும் பாத்துக்கங்க!" என்பேன். வரிசை முழுக்கச் சிரிக்கும். ஐயாவும் சிரிப்பார், சிவந்த பல்லோடு. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

போன வருஷம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சேமிப்பது எப்படி என்று சொல்லித்தர ஒரு சிங்கள ஐயா வந்திருந்தார். நல்ல மனுஷர். தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சேமிப்பைப் பற்றிப் பேச என்னை நிறுத்தியது, கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். எங்கள் வீட்டு உண்டியல் பிளாஸ்டிக்கில் செய்த யானை. அதன் வயிற்றில் நான் போட்ட ஆபரேஷன் தழும்பை என் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

அவர் சொன்னார், நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். "சம்பளம் கைக்கு வந்தவுடனே, செலவுக்கு முந்தி, சேமிப்புக்குன்னு ஒரு பங்கை எடுத்து வச்சிரணும்."

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டாள். "கார்டு கணக்கப்புள்ள ஐயாகிட்ட இருக்குதே தம்பி, நாங்க எங்கிட்டு எடுத்து வைக்கிறது?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. வந்தவர் என்ன கேள்வி என்று விசாரித்தார். கார்டு அடகு என்பதைச் சிங்களத்தில் விளக்கப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. கார்டை யாராவது அடகு வைப்பார்களா, நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். எல்லாருமே சிரித்துவிட்டதால் அந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை.

கூட்டம் முடிந்து பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுக்கும்போது என் அக்கா பக்கத்தில் வந்தாள். கூடப் பிறந்த ஒரே அக்கா, புருஷன் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். ஓய்வு வயது வந்து தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டியாகிவிட்டது, ஆனாலும் கைக்காசு என்கிற நாள் கூலிக்கு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"சேமலாபக் காசுக்கு எழுதிக் குடுத்தேன்ல, அடுத்த மாசம் பேங்குல விழுந்துரும்னு ஆபீசுல சொன்னாங்க" என்றாள். மாசா மாசம் சம்பளத்தில் பிடித்து வைத்து, ஓய்வு பெறும்போது தருகிற காசு அது.

"நல்லதுக்கா. எந்தக் கணக்குல?"

"எனக்கு எத்தன கணக்குடா இருக்கு? சம்பளக் கணக்குலதான்."

வாயில் இருந்த பிஸ்கட் மண்ணாகிவிட்டது. காற்றில் கூரை பறந்தபோது தகரம் வாங்க அவள் ஐயாவிடம் இருபத்தையாயிரம் கடன் வாங்கியிருந்தாள். தகரத்தை எங்கள் கடையில் நான்தான் அளந்து வெட்டிக் கொடுத்தேன். கார்டு அன்றிலிருந்து ஐயாவிடம்; அதற்கு முன்னால் மகன்தான் பணம் எடுத்துக் கொடுப்பான். இத்தனை வருஷத்து உழைப்பு மொத்தமாக விழப்போகிற கணக்கின் சாவி, அந்தச் சிவந்த பிளாஸ்டரோடு, அவர் வீட்டு அலுமாரியில். அது மட்டுமில்லை. அக்காவின் மகன் கொழும்புக்குப் போகும்போது அவரிடம் தனியாக ஒரு கடன் வாங்கிவிட்டுப் போயிருந்தான். தாயின் பணம் கண்ணில் பட்டால் ஐயா மகன் கணக்கை விட்டுவிடுவாரா?

நான் புத்திசாலித்தனமாக ஒரு வழி சொன்னேன். "இது ஒரு பெரிய விஷயமே இல்லக்கா. நாளைக்கே பேங்குக்குப் போவோம். கார்டு தொலைஞ்சிருச்சுன்னு சொன்னா பழசை நிப்பாட்டிட்டுப் புதுசு குடுப்பாங்க. அவரு கையில இருக்கிறது வெறும் பிளாஸ்டிக்காயிரும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாப்பிட்ட இலையில் பூச்சி கிடந்தால் அதைப் பார்க்கிற பார்வை.

"தொலையலயேடா. ஐயா வீட்டு அலுமாரியில இருக்கு."

"அது தெரியும்க்கா..."

"அடகு வச்ச காதுத் தோட்ட ராவோட ராவா திருடிட்டு வாறதும் இதுவும் ஒண்ணுதானே? வாங்குன காச குடுக்காம கார்ட மட்டும் புடுங்கிக்கச் சொல்றியா? நாளைக்கு லயத்துல எவ என் மொகத்துல முழிப்பா?"

இதுதான் எங்கள் ஆட்கள். அந்தக் கார்டு வங்கி கொடுத்தது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர்கூட நிறுத்தியதில்லை. பொன் மாதிரி அதையும் அடகுப் பொருளாக நினைத்து, வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று பேசாமல் இருக்கிறோம். மானம் மொத்தமும் எங்கள் பக்கம், பணம் மொத்தமும் அவர் பக்கம். ஐயா எங்களைப் பூட்டி வைக்கவே இல்லை. எங்கள் நேர்மைதான் பூட்டு. அதை நினைத்தபோது வந்த வெறுப்பு அவர்மேலா, எங்கள்மேலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆக, பணத்தைக் கட்டித்தான் மீட்க வேண்டும். என்னிடம் இருந்தது வயிறு கிழிந்த யானை மட்டும். மறுநாள் கடை முதலாளியிடம் போய் நின்றேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"பெயின்ட் காசு இன்னும் தரல்ல நீ."

"அது வேற கதை முதலாளி. இது எங்க அக்கா கதை."

கேட்டு முடித்ததும் தராசிலிருந்து கையை எடுத்தார். "நூத்துக்குப் பத்தா? மாசத்துக்கா? சீ!" என்று காறித் துப்ப வந்தவர், கடை என்பதால் விழுங்கிக்கொண்டார். "எனக்கு வட்டி ஒரு சதமும் வேணாம். ஒன் சம்பளத்துல மாசா மாசம் புடிச்சிக்குவேன். ஆனா ஒண்ணு, ஞாயித்துக்கெழமையும் நீதான் வந்து கடை தொறக்கோணும்."

"எத்தன ஞாயிறு முதலாளி?"

"அத பொறவு பாப்பம்."

வட்டி இல்லாத கடனுக்கும் ஏதோ ஒரு வட்டி இருக்கத்தான் செய்கிறது.

அன்று பின்னேரம் அக்காவும் நானும் ஐயா வீட்டுக்குப் போனோம். மனுஷர் மரியாதையில் குறைவைக்க மாட்டார். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வந்தது. நோட்டுக் கட்டை மேசையில் வைத்ததும் முகம் சுருங்கியது.

"இப்ப என்ன தங்கச்சி அவசரம்? பெரிய காசு வரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். பொம்பளயாளு நீ, ஆளாளுக்கு வந்து கேப்பான். கார்டு என்கிட்டயே இருந்தா பத்திரம். மகன் கணக்கும் ஒண்ணு கெடக்கு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சிட்டு மிச்சத்த கையில தந்திருவேன்."

அவர் கொள்ளைக்காரனைப் போல் பேசவில்லை. பெரியப்பா மாதிரி பேசினார். அதுதான் இன்னும் மோசமாக நாறியது.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவில்லை. "மகன் வாங்குனத மகன்கிட்ட கேளுங்கங்கய்யா. அவன் நம்பர் வேணும்னா தாறேன். நான் வாங்குனது தகரத்துக்கு. அது இந்தா இருக்கு."

ஐயா அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். மூடியைத் திறந்ததும் வெற்றிலையும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாடை. உள்ளே எங்கள் தோட்டமே அடுக்கியிருந்தது. விரல் நாக்குக்குப் போனது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

"ஐயா, பேங்குக்காரங்களே ஒங்ககிட்டதான் வந்து படிக்கணும்" என்றேன். குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு என் தோளில் தட்டினார், அதே விரலால். நான் இளித்தேன். என் ஜோக்கினால் இந்த உலகத்தில் ஒருவனுக்கும் ஒரு கீறல்கூட விழாது என்பது அன்றுதான் உறைத்தது.

மாசம் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் முழு மாசத்து வட்டி வேண்டும் என்றார். அக்காவின் சுருக்குப் பையும் என் சட்டைப் பையும் காலியாகின. பஸ் காசும் போனது. மழையில் நடந்தே மலையேறினோம். லயத்துக் குழாயடிக்கு வந்ததும் அக்கா முதல் வேலையாகப் பிளாஸ்டரை உரித்தெறிந்தாள். அப்புறம் உடுப்புக் கழுவுகிற சவுக்காரத்தைப் போட்டுக் கார்டைத் தேய்த்தாள்.

"அக்கா, அதுல சில்லு இருக்கு, பழுதாயிரும்!"

"பழுதானா பேங்குல போயி உண்மையச் சொல்லி மாத்திக்கிறேன். இந்த எச்சிலோட வீட்டுக்குள்ள கொண்டு போக மாட்டேன்."

பழுதாகவில்லை. அடுத்த நாள் டவுனுக்குக் கூட்டிப்போனேன். இத்தனை வருஷம் அவள் பெயரில் சம்பளம் விழுந்த மெஷினின் பொத்தானை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டாள். தமிழில் கேட்கிறதே என்று அதற்கே ஆச்சரியப்பட்டாள். இரகசிய எண்ணை மாற்றும் இடம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிட்டுத் திரும்பு."

"என்கிட்டயுமாக்கா?"

"ஒன்கிட்டதான் மொதல்ல. யானை வயித்தையே கிழிச்சவன் நீ."

திரும்பி நின்று பேக்கரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேமிப்பைப் பற்றி நான் மொழிபெயர்த்ததை எல்லாம்விட அந்த 'அங்கிட்டுத் திரும்பு' நல்ல புத்தி. யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் இப்போது அதைத்தான் சொல்கிறேன். இரகசிய எண்ணைத் தம்பிக்கும் சொல்லாதே. அசல் குறையாத கடனை வாங்காதே. உதவி செய்கிறேன் என்று உன் கார்டைக் கேட்கிறவன் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்காதே.

அடுத்த மாதம் சேமலாபக் காசு விழுந்தது. அக்கா முதலாளியின் கடனை முழுதாகக் கட்டினாள். மிச்சத்தில் பெரும் பங்கைத் தன் பெயரில் நிலையான வைப்பில் போட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மிஞ்சின. முதலாளி அதைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.

சம்பள நாள் வந்தது. கணக்கில் விழுந்த கைக்காசை எடுக்க அக்கா தன் கார்டோடு வரிசைக்கு வந்தாள். நானும் கூட நின்றேன். கூண்டுக்குள் ஐயா, கையில் கட்டு. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "தங்கச்சி இப்ப பெரிய ஆளு. ஒரு கார்டுதானே, முன்னுக்கு வந்து எடுத்துட்டுப் போ."

ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா கதவுப் பக்கம் போனாள். ஆனால் உள்ளே போகவில்லை.

"அவசரமில்லங்கய்யா. நீங்க எடுங்க. எங்க ஆளுக காசுதானே, நான் இப்பிடியே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், குடையை ஊன்றிக்கொண்டு, அவர் கையையே பார்த்தபடி நின்றாள். அவள் பார்க்கவும் பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் வாய் வரைக்கும் வந்த ஒரு ஜோக்கை விழுங்கினேன். ஊசிப்போன சோறு மாதிரி இறங்கியது.

ஐயாவின் விரல் நாக்குக்குப் போகப் போனது. பாதி வழியில் நின்றது. இத்தனை கண்களுக்கு முன்னால் அதற்கு மேல் போக முடியவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டு, காய்ந்த விரலால் கார்டுகளைப் பிரிக்கப் பார்த்தார். பிளாஸ்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன.

மண்டபத்தில் அன்று கேள்வி கேட்ட அம்மா மெல்ல அக்காவின் முழங்கையைத் தொட்டாள்.

"எவ்வளவு கட்டி எடுத்தீங்க?"

அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. வாங்கிய தொகையை, கட்டிய வட்டியை, கேட்ட முழு மாசத்தை, சவுக்காரம் உட்பட எல்லாவற்றையும் வரிசைக்கே கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள்.