ஐடிலிங் நிற்காத வண்டி

ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்து வண்டி ஐடிலிங்கில் நிற்கவில்லை. ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை ஓடும். காலை எடுத்தால் உறுமும், இறங்கும், மறுபடி உறுமும், அணைந்துவிடும். பழைய டர்போ கார். என் வீட்டுக்காரர் அதன்மேல் வேறு யாரையும் கைவைக்க விட்டதில்லை. பக்கவாதத்தில் அவருடைய வலது பக்கமும் பேச்சும் போன பிறகு அதை ஓட்டுவது நான்தான். கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு, அவருடைய பிசியோதெரபிக்கு.

நாம் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று டாக்டரைக் கேட்டேன். புரியலாம், புரியாமலும் இருக்கலாம் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? ஊட்டினால் விழுங்குவார். டிவி போட்டால் டிவியைப் பார்ப்பார், அணைத்தால் சுவரைப் பார்ப்பார். ஆரம்பத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தினமும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். அழுகைகூட வரவில்லை. மரத்துப்போய்விட்டது.

டவுன் மெக்கானிக் பானட்டைத் திறந்த கையோடு டர்போ போய்விட்டது என்றார். இப்போதைக்கு ஓடட்டும் என்று ஐடில் ஸ்குரூவைக் கூட்டிவைத்தார், மிக்சர் ஸ்குரூவையும் திருகிப் பெட்ரோல் அதிகம் போகச் செய்தார். அதன்பின் வண்டி அணையவில்லை. ஆனால் கறுப்புப் புகையும் பெட்ரோல் நாற்றமும் சேர்ந்துகொண்டன. உறுமுவதும் இறங்குவதும் அப்படியேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரைப் போர்ட்டிகோவில், வண்டியின் முன்சக்கரத்தை ஒட்டிச் சேர் போட்டு உட்காரவைத்தேன். கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்றுதான். எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் தூக்கி, ஸ்குரூடிரைவரோடு குனிந்தேன். கெட்டது இன்னும் கொஞ்சம் கெட்டால்தான் என்ன என்று இருந்தது.

மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. அவருடைய இடது கை. ஸ்குரூவிலிருந்து என் கையை இழுத்து, டர்போ குழாய்க்குப் பின்னால் தள்ளினார். அங்கே ஒரு சின்ன முனை வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டியிருக்க வேண்டிய ரப்பர் டியூப் கழன்று பக்கத்தில் தொங்கியது. டியூபில் காய்ந்த சாமந்தியும் நாரும் சுற்றியிருந்தன. பூஜைக்கு எஞ்சினுக்கும் ஒரு மாலை போட்டது நான். வாடிய பிறகு அதை வெடுக்கென்று பிடுங்கியதும் நான். முனையை விரலால் அடைத்தேன். உறுமல் அடங்கியது. இத்தனை நாளும் அந்த வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. நாங்கள் ஸ்குரூக்களைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்தோம்.

டியூபை மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். அவர் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிகிறது. எல்லாமே புரிகிறது.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்குப் பயம்தான் வந்தது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என் அக்காவிடம் போனில் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். "அவரு போயிட்டாருன்னா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதிக்கா" என்று முந்தாநாள்கூடச் சொன்னேன். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார். பிறகு என் கையைப் பிடித்து, மெக்கானிக் பெட்ரோலைக் கூட்டிவைத்த ஸ்குரூவுக்குக் கொண்டுபோனார். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், அவர் விரல் காட்டிய பக்கம் திருகினேன்.