வெள்ளி தேடப் போகும் பூங்காவில்

மண்ணுக்குள் காசு தேடும் கருவியை என் கணவர் ஆசைப்பட்டு வாங்கினார். ஒரு கோடைகூட முழுதாகப் பயன்படுத்தவில்லை, நெஞ்சுவலி முந்திக்கொண்டது. அவர் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் வேலை இல்லாத நாட்களில் நான் அதைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். மொன்றியலின் பழைய பூங்காக்களில் புல்லுக்கடியில் அந்தக்கால வெள்ளிக் காசுகள் கிடக்கும். வெள்ளி என்றால் கருவி கீச்சென்று கத்தும். தாழ்ந்த குரலில் முனகினால் பெரும்பாலும் சோடா டின்னின் மூடி வளையம்தான். அதற்கெல்லாம் நான் குனிவதில்லை. என் முழங்காலுக்கும் ஒரு மரியாதை உண்டு.

போன கோடை முடிவில் ஒருநாள், எங்கள் கட்டடத்தின் மேல்மாடிப் பெண் வந்து கதவைத் தட்டினாள். முதல்நாள் பூங்காவில் பிள்ளைகளோடு பந்தடித்தபோது அவளுடைய தாலி விழுந்துவிட்டதாம். தாலியைக் கொடியில் கோத்திருந்த வளையம் தேய்ந்து கழன்றிருக்கிறது. கொடி கழுத்திலேயே கிடந்ததால் வீட்டுக்கு வந்து குளிக்கும்வரை தெரியவில்லை.

"அக்கா, திங்கக்கிழமை இவருக்கு நெஞ்சில ஒப்பரேஷன். இவருக்கு இன்னும் சொல்லேல்லை. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு."

"தாலி விழுந்தா ஒப்பரேஷன் பிழையாப் போகுமோ? விசர்க்கதை கதையாதை," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சின்னத் தங்கத்துக்கும் டின் வளையத்துக்கும் கருவியில் ஏறக்குறைய ஒரே குரல். அதனால் வழக்கமாக நான் தாண்டிப்போகும் முனகல்களுக்கெல்லாம் அன்று குனிய வேண்டியதாயிற்று. நான் இடத்தைக் காட்ட, அவள் புல்லின் வேரடியை விரலால் அளைந்தாள். வளையம், வளையம், மறுபடி வளையம். இந்த ஊர் எவ்வளவு சோடா குடிக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. நடுவில் ஒருமுறை கருவி கீச்சென்று கத்தியது. கால் தானாக நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு நடந்தேன்.

மேப்பிள் மரத்தடியில் இன்னொரு முனகல். அவள் எட்டத்தில் நின்றதால் நானே குனிந்து புல்லை விலக்கினேன். தாலி கிடந்தது. எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"நீயே வந்து எடு பிள்ளை," என்றேன்.

கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு என்னைக் கண்டதும் விலகிப் போவது எனக்குப் பழகிவிட்டது. அப்போதெல்லாம் தட்டுக்காரிகளை மனதுக்குள் நன்றாகத் திட்டுவேன். அன்றைக்கு யாரும் விலக்காமல் நானே விலகி நின்றேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஏன் அக்கா?" என்று ஓடி வந்தவளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பக்கத்தில் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

"நீங்கள் எடுத்துத் தந்தாத்தான் நான் வாங்குவன்."

எடுத்தேன். மண்ணைச் சட்டை ஓரத்தில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் கையை விடாமல் பிடித்து, தாலியோடு சேர்த்து என் விரல்களையும் அவள் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.