மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு திருத்தம்

திங்கட்கிழமை என்றால் எங்கள் பேப்பரில் ஏச்சு வாங்குகிற நாள். வெள்ளிக்கிழமை கடைகளுக்குப் போன பேப்பரைச் சனி ஞாயிறு இருந்து வாசித்துவிட்டு, திங்கள் காலை பத்து மணிக்கு ஆட்கள் டெலிபோன் எடுப்பார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் பிழை, ராசிபலனில் என் ராசியைக் காணவில்லை, இப்படி. லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் எங்கள் ஒஃபிஸ். கீழே ரோல்ஸ் பொரிக்கிற மணம் வரும். மேலே நாங்கள் ஏச்சு வாங்குவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை வந்தது வேறு மாதிரியான அழைப்பு. ஒரு இளம்பெண்ணின் குரல்.

"அன்ரி, அமெரிக்கா எலெக்ஷன் நியூஸ் எழுதுறது நீங்களா?"

"ஓம் பிள்ளை, நான்தான்."

"உங்கட பேப்பரை வாசிச்சிட்டு அம்மா லெட்டர் எழுதிட்டா. நான் அமெரிக்காவுக்குப் படிக்க வரேல்லை எண்டு யூனிவர்சிட்டிக்கு. சைன் பண்ணு எண்டு மேசையில வைச்சிருக்கிறா. அன்ரி, ப்ளீஸ், டூ சம்திங்."

அந்தப் பிள்ளையின் பெயர் அனிற்றா. லண்டனின் தெற்கே சட்டனில் இருந்த பிலோமினா அக்காவின் ஒரே மகள். பிலோமினா அக்கா மன்னார்க்காரி. ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் ஷிப்ட் செய்து மகளைத் தனியாகப் படிப்பித்தவர். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு ஸ்கொலர்ஷிப்போடு இடம் கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று மாத முடிவுக்குள் பதில் அனுப்ப வேண்டும். மாதம் முடிய இரண்டு கிழமைகூட, பதினாலு நாள்கூட, இல்லை.

"நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?" என்று கேட்டேன்.

"எனக்குப் போகவேணும் அன்ரி. ஆனா அம்மாவை மீறிப் போகமாட்டன்."

வெட்டுப்பட்ட இரண்டு பந்தி

நான் பத்திரிகைப் படிப்புப் படித்தவள் இல்லை. எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்து கேக் ஃபாக்டரியில் வேலை செய்தேன். தமிழ் டைப் அடிக்கத் தெரியும் என்பதற்காகப் பேப்பரில் சேர்த்துக்கொண்டார்கள். டைப் அடித்தவள் பிழை திருத்தினேன். பிழை திருத்தினவள் செய்தி எழுதத் தொடங்கினேன். சொல்லித்தர ஆள் இல்லை. விழுந்து விழுந்துதான் பழகினேன்.

அந்த வருடம் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். அங்கே பெரிய தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தனக்குள்ளேயே மாநிலம் மாநிலமாக ஒரு வாக்கெடுப்பு வைத்து, யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யும். பிரைமரி என்பார்கள். பழமைவாதக் கட்சிக்குள்ளே, பதவியில் இருந்த தன் கட்சி ஜனாதிபதியையே எதிர்த்து ஒருவர் கிளம்பியிருந்தார். தொலைக்காட்சியில் வாதம் செய்து பெயர் எடுத்தவர். "தலைநகரத்துப் பெரிய மனிசருக்கு நான் ஆள் இல்லை, உங்களுக்குத்தான் நான் ஆள்" என்று பூட்டிக் கிடந்த ஃபாக்டரி வாசல்களில் நின்று பேசினார். வேலை போனவர்கள் கை தட்டினார்கள். வெளிநாட்டு ஆட்கள் வருவதை நிறுத்த வேண்டும், எல்லையில் வேலி போட வேண்டும் என்றும் பேசினார்.

எங்களுக்கு அமெரிக்காவில் நிருபர் கிடையாது. எடிட்டர் கனகசபை மாஸ்டரின் மருமகன் நியூ ஜெர்சியில் இருந்தார். அங்கத்தைய பத்திரிகைத் துண்டுகளை ஃபக்ஸில் அனுப்புவார். சுருண்டு சுருண்டு வரும் அந்தத் தாளை மேசையில் கப் வைத்து விரித்து, இங்கத்தைய ஆங்கிலப் பேப்பர்களோடு ஒத்துப் பார்த்து நான் எழுதுவேன்.

அனிற்றாவின் அழைப்புக்கு முந்தின கிழமை ஏழு பந்தி, ஏழு பாரா, எழுதியிருந்தேன். முதல் ஐந்து பந்தியும் ஆளின் பேச்சு, கூட்டம், கைதட்டல். ஆறாவதில், இது கட்சிக்குள் நடக்கும் வாக்கெடுப்பு மட்டுமே, அதிலும் இவர் ஜனாதிபதிக்குப் பின்னால்தான் நிற்கிறார் என்று இருந்தது. ஏழாவதில், மேடையில் சொன்னது சட்டம் அல்ல, மாணவர் விசா வழக்கம்போல நடக்கிறது என்று. கல்யாணச் சாப்பாட்டில் பாயாசத்தைக் கடைசியில் விடுவதுபோல முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது கெட்டித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை நாலு மணிக்கு ஒரு மரண அறிவித்தல் வந்தது. அவை போடுகிற பதினோராம் பக்கம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. எங்கள் பேப்பரில் ஒரு சட்டம் இருந்தது. விளம்பரம் காத்திருக்கும், அரசியல் காத்திருக்கும், மரண அறிவித்தல் காத்திருக்காது. சனி ஞாயிறில் இறுதிக்கிரியை, ஆட்களுக்குத் தெரிய வேண்டுமே. பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் முன்பக்கத்துச் செய்தியைக் கீழிருந்து வெட்டி இடம் எடுப்போம். அப்போது எல்லாம் பேஸ்ட்-அப் வேலை. பத்தி பத்தியாகப் பிரிண்ட் எடுத்து, பிளேடால் வெட்டி, அட்டையில் ஒட்டி அச்சகத்துக்கு அனுப்புவது. மாஸ்டர் பிளேடை எடுத்தார். ஆறும் ஏழும் குப்பைக் கூடைக்குள் போயின. மேலே, "வெளிநாட்டவர் வருகை நிறுத்தப்படும்!" என்று அவரே போட்ட தலைப்பு அப்படியே நின்றது.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

சட்டனில்

அழைப்பு வந்த திங்கள் பின்னேரமே சட்டனுக்குப் போனேன். பிலோமினா அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மேசையில் கடிதம் இருந்தது. பக்கத்தில் எங்கள் பேப்பர்.

"அக்கா, அந்த ஆள் இன்னும் வேட்பாளராகக்கூட வரேல்லை. கட்சிக்குள்ள போட்டி போடுறார், அவ்வளவுதான்."

"பேப்பரில அப்பிடி இல்லையே."

"இருந்தது. வெட்டுப்பட்டுப் போச்சு."

"ஏன் வெட்டினியள்?"

"ஒரு மரண அறிவித்தல் வந்தது."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கிறதா ஏசுகிறதா என்று யோசித்தார் போல. பிறகு பேப்பரைத் தூக்கி, பின்பக்கமாகத் திறந்து, நேரே பதினோராம் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து முன்பக்கத்துக்கு வந்தார். "முதல் இதைத்தான் பாக்கிறனான். ஆர் செத்துப்போச்சினம் எண்டு பாத்திட்டுத்தான் மற்றது" என்றார்.

"அக்கா, மேடையில சொல்லுறது எல்லாம் நடக்காது."

"தங்கச்சி, நீர் எந்த நாட்டில பிறந்தனீர்? எங்கட நாட்டில மேடையில கத்தினது எங்கட வாசலுக்கு வர எத்தினை நாள் எடுத்தது? மேடையில இடி இடிச்சா வீட்டில மழை. நான் ஒருக்கா நனைஞ்சவள். என்ர பிள்ளையையும் நனைய விடச் சொல்லுறீரோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. வெள்ளைக்காரன் இதே செய்தியை வாசித்தால், 'எலெக்ஷன் நேரத்துப் பேச்சு' என்று பக்கத்தைத் திருப்புவான். எங்கள் ஆட்கள் தப்பி ஓடச் சூட்கேஸை எடுப்பார்கள், அல்லது பயணத்தை நிறுத்திச் சூட்கேஸை இறக்கி வைப்பார்கள். இது தெரிந்தும் நான் அந்தச் செய்தியை அப்படி எழுதியிருந்தேன்.

"நான் சொல்லுறதை நம்புங்கோ அக்கா."

"நீர் வாயால சொல்லுறது வாயோட போயிடும். அச்சில வந்தது அச்சிலதான் மாறவேணும். வெள்ளிக்கிழமை பேப்பர் வரும்தானே? அதுவரைக்கும் இந்தக் கடிதம் இங்க கிடக்கும். அதுக்குப் பிறகு போஸ்ட்."

அனிற்றா வாசல் வரை வந்தாள். என் கோட்டின் பட்டனைப் பூட்டிவிட்டாள். அவ்வளவுதான்.

டஸ்ரர் இல்லாத கரும்பலகை

செவ்வாய் காலை முதல் வேலையாக லைப்ரரிக்குப் போய் ஒரு கிழமை ஆங்கிலப் பேப்பர்களை வாசித்தேன். மத்தியானத்துக்குப் பிறகு, அங்கே விடிந்ததும், நியூ ஜெர்சி மருமகனுக்கு டெலிபோன் எடுத்தேன். "அக்கா, ஆள் நல்லாக் கதைக்கிறான், கூட்டம் வருது, ஆனா முன்னுக்கு வரேல்லை" என்றார். தான் படிப்பிக்கிற யூனிவர்சிட்டியில் வெளிநாட்டு மாணவருக்கான அலுவலகத்தைக் கேட்டும் சொன்னார். அங்கே ஒன்றும் மாறவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தமாக எட்டு வரி எழுதி மாஸ்டரின் முன்னால் வைத்தேன்.

மாஸ்டர் முன்பு யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். நல்ல மனிசன்தான், பிழையை ஒப்புக்கொள்வதென்றால் மட்டும் காது கேளாது.

"முன்பக்கத்தில எங்கட பிழையை நாங்களே போடுறதோ? பிள்ளைக்கு என்ன காய்ச்சலோ?"

"ஒரு பிள்ளையின்ர படிப்பு போகப்போகுது மாஸ்டர்."

"நான் இருவது வருசம் படிப்பிச்சனான். கரும்பலகையில பிழை விட்டா என்ன செய்வன்? டஸ்ரரால அழிச்சிட்டு அடுத்த கணக்குக்குப் போவன். வகுப்பைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கிறேல்லை."

"பேப்பருக்கு டஸ்ரர் இல்லை மாஸ்டர். போன கிழமைக் கணக்கை இன்னும் சனம் கொப்பியில வைச்சுக்கொண்டிருக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆறாம் பக்கத்தில போடும். ராசிபலனுக்குக் கீழ."

"அதை ஆர் வாசிக்கிறது? இது போகவேண்டிய இடத்தில போகாட்டி, இந்தக் கிழமை பேப்பர் அடிக்க வேற ஆளைப் பாருங்கோ."

வேலை போனால் திரும்பவும் கேக் ஃபாக்டரிதான். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. முன்பக்கம் தரமாட்டார் என்று தெரிந்தது. அப்போதுதான் பிலோமினா அக்கா பேப்பரைப் பின்பக்கமாகத் திறந்தது கண்ணுக்குள் வந்தது.

"முன்பக்கம் வேண்டாம் மாஸ்டர். பதினோராம் பக்கத்தில போடுவம்."

"மரண அறிவித்தலுக்கையோ?"

"ஓம். கறுப்புக் கரை கட்டி. எங்கட ஆக்கள் முதல் அதைத்தானே வாசிக்கினம்."

"ஆரோ செத்துப்போச்சினம் எண்டெல்லோ நினைப்பினம்!"

"எங்கட செய்திதான் செத்தது மாஸ்டர். அறிவிக்கிறதில என்ன வெக்கம்?"

மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே எட்டு வரியையும் வாசித்து, ஒரு கமாவைப் போட்டார். மாஸ்டர் கமா போட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

ஆனால் புதன்கிழமை என்றால் புதன்கிழமைதானே. நாலு மணிக்குக் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் இருந்து ஒரு மரண அறிவித்தல் வந்தது. பதினோராம் பக்கத்தில் மிச்சம் இருந்தது எங்கள் திருத்தத்தின் இடம் மட்டும். மாஸ்டர் பிளேடோடு நின்றார். நான் அட்டையின் மேல் கையை விரித்து வைத்தேன்.

"கையை எடும் பிள்ளை, வெட்டுப்படும்."

"இதை வெட்டாதேங்கோ."

அவர் அந்த அட்டையை விட்டுவிட்டு நாலாம் பக்கத்து அட்டையை இழுத்தார். அது அவருடைய தலையங்கம். கிழமைக்கு இரண்டு நாள் இருந்து எழுதுவார். ஒரு சொல்லைத் தொட விடமாட்டார். அதன் கீழ்ப்பகுதியில் பிளேடை வைத்து ஒரே இழுவை. "செவன் கிங்ஸ்காரரை என்ர தலையங்கத்துக்குக் கீழ போடுவம். நான் இந்தக் கிழமை நாலு பந்தி குறைச்சுக் கதைக்கிறன்" என்றார்.

வெள்ளிக்கிழமை

பின்னேரம் ஐந்து மணிக்கு டெலிபோன் வந்தது. பிலோமினா அக்கா.

"தங்கச்சி, கறுப்புக் கரையைக் கண்டு நெஞ்சு திக்கெண்டது. பாத்தா உம்மட திருத்தம்."

"வாசிச்சனீங்களோ அக்கா?"

"மூண்டு தரம். கடிதத்தைக் கிழிச்சுப்போட்டன்." பிறகு சொன்னார்: "பயம் போகேல்லை, சொல்லிப்போட்டன். உந்த ஆள் வராட்டி இன்னொருத்தன் அதே கதையோட வருவான். ஆனா பயத்துக்காகப் பிள்ளையை மறிக்கேலாது. உங்கட ரெண்டு கிழமைப் பேப்பரையும் அவளின்ர சூட்கேஸுக்க வைக்கப்போறன்."

"ரெண்டையும் ஏன் அக்கா?"

"ஒருத்தன் என்ன சொன்னவன் எண்டும் அவளுக்குத் தெரியவேணும். அவனால என்ன ஏலாது எண்டும் தெரியவேணும்."

அந்த ஆள் அந்த வருடம் தன் கட்சியின் வேட்பாளராக வரவில்லை. அனிற்றா போனாள், படித்தாள். பிலோமினா அக்கா சொன்னதும் பொய்யாகவில்லை. அதே கதையோடு வேறு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் பேச்சையும் நான் பல வருடம் எழுதினேன். கைதட்டினவர்களின் கஷ்டத்தையும் எழுதினேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, யார் சொன்னார், அதைச் செய்ய அவருக்கு ஏலுமா என்ற இரண்டையும் முதல் பந்திக்குள்ளேயே வைத்தேன்.

இப்போது செய்தி எழுத வரும் பிள்ளைகளிடம் பிளேடு இல்லை, பசை இல்லை. ஆனாலும் வெட்டு எப்போதும் கீழிருந்துதான் வருகிறது. பாதியில் வாசிப்பை விடுகிற ஆளும் ஒரு பிளேடுதான். ஆனபடியால் அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அச்சுக்குப் போகமுதல் ஒவ்வொரு பந்தியின் கீழும் கையை வைத்து மறைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் வெட்டினாலும் மிச்சம் உண்மையாக இருக்க வேண்டும்.